நீ யார் என்று கேட்கிறார்கள்!

"நீ யார்?"

இரண்டே சொற்கள். குழந்தையும் பதில் சொல்லக்கூடிய கேள்வி. ஆனால் இந்த நாட்டிலே, பதில் தெரிந்திருந்தும் அதைச் சொல்ல அஞ்சித் தலைகுனிந்து நின்ற தலைமுறைகள் எத்தனை! பெயரைச் சொன்னால் ஊரைக் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொன்னதும் முகம் சுளிப்பார்கள். அடுத்த நொடி வாசற்கதவு மூடும். அறிமுகம் செய்து கொள்வதே ஆபத்தாக இருந்த காலம் அது.

அதே கேள்வியைத்தான் இன்று கல்லூரிகள் கேட்கின்றன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும், நம் நாட்டின் தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவும், மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது, உன்னைப் பற்றி நீயே ஒரு கட்டுரை எழுதி அனுப்பு என்கின்றன. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்குப் பொதுவாக உள்ள விண்ணப்பத்தில் இந்தத் தன்விளக்கத்துக்கு எல்லை 650 சொற்கள். இங்கிலாந்திலே 4,000 எழுத்துகள். ஒரு வாழ்க்கையை ஒரு தாளுக்குள் அடக்க வேண்டும்!

குன்னூர் மலைச்சரிவிலே, தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலே, தாய் கொழுந்து பறித்த கூலியில் படித்த பெண்ணும் அந்தத் தாளை நிரப்ப வேண்டும். ஆங்கிலம் பேசும் இல்லத்தில், ஆசிரியர் இருவர் அருகிருந்து திருத்தித் தர, நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளையும் அதே தாளைத்தான் நிரப்ப வேண்டும். தாள் ஒன்று; கேள்வி ஒன்று; எல்லையும் ஒன்று. ஆனால் தொடங்குமிடம் ஒன்றா?

இந்தத் தாளின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். வரலாறு தெரிந்தவன் தாளைக் கண்டு அஞ்சமாட்டான். அதைக் கொடுத்தவர் கருணையை எண்ணிக் கூழைக்கும்பிடும் போடமாட்டான்.

மணி அடித்த பிறகு நுழைந்த மாணவர்

நூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் முன்பு, கோவையிலே ஒரு மாணவர் படித்தார். அங்கே ஏறத்தாழ 400 மாணவர்கள். அவர்களில் பத்துப் பேர் தவிர மற்றெல்லோரும் பார்ப்பனர்கள். அந்த மாணவர் வகுப்பு தொடங்கும் மணி அடிக்கும்வரை வெளியிலேயே நிற்பார். மணி அடித்ததும் உள்ளே செல்வார். பாடம் முடிந்ததும் யாரோடும் பேசாமல், விளையாடாமல், வீட்டை நோக்கி விரைவார். படிப்பிலே பின்தங்கியவரா? அல்ல. விளையாட்டில் விருப்பமில்லாதவரா? அதுவுமல்ல. பேசினால் "உன் ஊர் எது? உறவினர் யார்?" என்று கேட்பார்களே, சாதி தெரிந்துவிடுமே என்ற அச்சம்!

அவர்தான் இரட்டைமலை சீனிவாசன். 1939இல் வெளிவந்த தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். வெள்ளையர் நிறுவனத்திலே கணக்கர் வேலை கிடைத்து அவர் ஆண்டுகள் பல வாழ்ந்த இடம் நீலமலை.

1890இல் மலையை விட்டுச் சென்னைக்கு வந்தார். 1893இல் ஓர் இதழ் தொடங்கினார். அதற்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? எந்தப் பெயர் வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று பள்ளி வாசலில் பதுங்கி நின்றாரோ, அதே பெயரை — "பறையன்" என்று — முகப்பிலே அச்சிட்டார்! இழிவென்று ஊர் சொன்ன சொல்லை எடுத்துத் தன் கொடியாக உயர்த்தினார். "நீ யார்?" என்ற கேள்விக்கு இந்த மண்ணிலே எழுதப்பட்ட மிகச் சிறந்த பதில்களில் ஒன்று அது. அதற்கு 650 சொற்கள் தேவைப்படவில்லை. ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

அச்சத்திலிருந்து அறிவிப்புக்கு! ஒரு மனிதர் அந்தத் தொலைவைக் கடந்த கதை இது. ஒரு மக்கள் கூட்டமே அதைக் கடக்க முயன்ற இடமும் அதே நீலமலைதான்.

உதகையில் எழுந்த குரல்

1845இல் பிறந்த அயோத்திதாசப் பண்டிதர் வளர்ந்ததும் நீலமலையிலேதான். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி தந்த ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றார். பிறப்பு தந்த பெயரைவிடப் படிப்பு தந்த பெயர் பெரிதென்று எண்ணிய உள்ளம் அது. சீனிவாசனுக்கு அவர் மணவழி உறவினரும்கூட.

1891ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள். உதகையிலே திராவிட மகாஜன சபையின் சார்பில் அவர் ஒரு மாநாடு கூட்டினார். பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின. சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்றனர். எங்கள் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் வேண்டும், பாதிக் கட்டணம் போதும் என்று ஆக்க வேண்டும் என்றனர். படித்து முன்னேறுவோருக்கு உதவித்தொகை வேண்டும், படித்தவர்க்கு அரசு அலுவலகங்களில் வேலை வேண்டும் என்றனர். பொதுக் கிணறும் குளமும் எங்களுக்கும் திறக்கட்டும் என்றனர். சிறையிலேகூட எங்களவர்க்கு மட்டும் இழிந்த வேலை ஒதுக்கும் விதி ஒழியட்டும் என்றனர்.

ஒருவன் தனக்காக எழுதினால் அது விண்ணப்பம். ஒரு மக்கள் கூட்டம் தனக்காக எழுதினால் அது வரலாறு. உதகையிலே 1891இல் எழுதப்பட்டது ஒரு சமுதாயத்தின் தன்விளக்கம்: நாங்கள் யார், எங்களுக்கு என்ன மறுக்கப்பட்டது, எங்களுக்கு என்ன வேண்டும். இந்த மூன்றையும் முறையாக, எண்ணிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்ன ஏடு அது. அதிலே "ஐயா, சாமி, ஆண்டே, அடியேன்" என்று அழுகை இல்லை. "முன்வினைப் பயன்" என்று முணுமுணுப்பு இல்லை. இன்னது கொடுமை, இன்னது தீர்வு, இன்னார் செய்ய வேண்டும் என்ற தெளிவு இருந்தது.

தேசத்தின் பெயரால் பேசிய காங்கிரசுக்கும் தீர்மானங்கள் அனுப்பப்பட்டன. பயன் விளையவில்லை. ஆயினும் எழுதிய கை ஓயவில்லை. அடுத்த ஆண்டு சென்னை மகாஜன சபை மாநாட்டிலே அயோத்திதாசர் எழுந்து, நான்காம் வகுப்பு வரையிலாவது எங்கள் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வி கொடுங்கள் என்று கேட்டார். செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த திரமென்கீர் அதே காலத்தில் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு விரிவான அறிக்கை கொடுத்தார். 1893இல் சென்னை அரசு அம்மக்களின் கல்விக்கென்று தனி ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. மனு கொடுத்ததும் மறுநாளே பள்ளி முளைக்கவில்லை. ஆனால் மனுக்களும் அறிக்கைகளும் சேர்ந்து ஓர் அரசாணையை ஈன்றன.

அதே 1893இல் இன்னொரு மனு. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதைப்போல இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலே தீர்மானம் வந்தது. "நல்லதுதானே!" என்று நமக்குத் தோன்றும். சீனிவாசன் எதிர்த்தார். 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீளமுள்ள மனு சென்னையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போயிற்று. அவர் காட்டிய காரணம் என்ன? எழுத்தறிவு ஒரு சிலரின் தனியுடைமையாக இருக்கும் நாட்டிலே தேர்வை வாசலில் வைத்தால், வாசல் எல்லோருக்கும் திறந்திருப்பதைப்போலத் தோன்றும். உள்ளே நுழைவது மட்டும் அந்த ஒரு சிலராகவே இருப்பார்கள். அதிகாரமும் அவர்கள் கைக்கே போகும்.

அந்த எதிர்ப்பு சரியா தவறா என்று ஆய்வாளர் வாதிடட்டும். அதன் உள்ளே இருந்த கேள்வி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. வாசல் திறந்திருக்கிறதா என்று பார்த்தால் போதுமா? வாசல்வரை வர வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டாமா?

கடலுக்கு அப்பாலும் அதே கதை

சாதி நம் நாட்டுச் சரக்கு. கல்விக்கூட வாசலில் ஆளைப் பார்த்து அளக்கும் பழக்கமோ உலகச் சரக்கு. "உன்னைப் பற்றி எழுது" என்ற வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றிய வரலாற்றைப் பாருங்கள்.

புகழ்பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலே, தேர்வில் வென்றால் இடம் உண்டு. ஏழை யூதக் குடியேறிகளின் பிள்ளைகள் இரவு பகலாகப் படித்தார்கள்; தேர்விலே வென்றார்கள். 1900இல் நூற்றுக்கு ஏழு பேராக இருந்த யூத மாணவர்கள் 1922இல் நூற்றுக்கு இருபத்தொருவருக்கும் மேலாயினர். தலைவர் லோவெல் கலங்கினார்! யூதர்க்கு ஒரு வரம்பு கட்ட வேண்டுமென்று வெளிப்படையாகவே பேசினார். எதிர்ப்பு எழுந்தது, 1923இல் குழு ஒன்று அதை ஏற்க மறுத்தது. அதன் பிறகு என்ன செய்தார்கள்? மதிப்பெண்ணோடு "குணநலமும்" பார்ப்போம் என்றார்கள். புகைப்படம் கேட்டார்கள். நேர்காணல் என்றார்கள். பரிந்துரைக் கடிதம், தன்னைப் பற்றிய எழுத்து, குடும்பப் பின்னணி என்று விண்ணப்பம் நீண்டது. 1926க்குப் பிறகு யூத மாணவர் விகிதம் சரிந்தது. "யூதன் வேண்டாம்" என்று எங்கும் எழுதவில்லை. "குணம் வேண்டும்" என்றுதான் எழுதினார்கள். குணத்தை அளக்கும் கோல் யார் கையில் இருந்தது? அங்கேதான் சூது! ஜெரோம் கராபெல் என்ற சமூகவியல் அறிஞர் 2005இல் வெளியிட்ட பெருநூலில் இந்த வரலாற்றை ஆவணங்களோடு எடுத்துக்காட்டியிருக்கிறார்.

ஆனால் வரலாறு ஒருபக்கம் மட்டும் வெட்டும் கத்தியல்ல. 2023 ஜூன் மாதம், அதே ஹார்வர்டு சம்பந்தப்பட்ட வழக்கிலே, மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கிடக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பிலேயே தலைமை நீதிபதி ஒன்றையும் சொன்னார்: இனம் தன் வாழ்வை எவ்வாறு பாதித்தது என்பதை மாணவர் தம் கட்டுரையில் எழுதத் தடையில்லை. யூத மாணவரை விலக்கப் பயன்பட்ட தாள், கறுப்பின மாணவர் தம் வாழ்வைச் சொல்ல எஞ்சியிருக்கும் வழிகளில் ஒன்றாயிற்று! கருவி ஒன்றுதான். யார் கையில் இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது என்பதே கேள்வி.

விண்ணப்பமே போடாத வழக்கு

நம் நாட்டுக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி ஆணை நடைமுறையில் இருந்தது. மருத்துவம், பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திலும் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, கிறித்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கீடு. அந்த ஆணை அரசியல் சட்டத்துக்கு முரண் என்று வழக்கு வந்தது. 1951 ஏப்ரல் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணை செல்லாது என்றது.

வழக்குத் தொடுத்தவர் இருவர். ஒருவர் பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தார். மற்றவர், மருத்துவக் கல்லூரி இடத்துக்காக வழக்காடிய செண்பகம் துரைராசன், விண்ணப்பம் போட்டதாகவே தெரியவில்லை! விசாரித்ததில் இடம் கிடைக்காதென்று அறிந்ததாகச் சொன்னார். விண்ணப்பிக்கவில்லையே என்று அரசும் தடை எழுப்பவில்லை என்பதை நீதிமன்றமே தீர்ப்பில் குறித்துவிட்டு, மேலே சென்றது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஒரு பக்கம், உதகையிலே பத்துத் தீர்மானங்கள், பாராளுமன்றத்துக்கு 112 அடி மனு, மனு மேல் மனு. பதிலுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. இன்னொரு பக்கம், விண்ணப்பம் எழுதாமலேயே உச்ச நீதிமன்றத்தின் கதவு திறக்கிறது. தமிழகம் கொதித்தது. பெரியார் கிளர்ந்தார். அதே 1951 ஜூன் மாதம் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு பிறந்தது. கல்லூரி வாசலில் நடந்த வழக்கு அரசியல் சட்டத்தின் எழுத்தையே மாற்றியது.

அத்தோடு முடிந்ததா? நேர்காணல் என்றொரு வாயில் இருந்தது. 1970இல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் 275 மதிப்பெண்ணில் 75 நேர்காணலுக்கு! பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம், பார்த்த அளவிலேயே இது மிகை என்றது. 1980இல் தீர்க்கப்பட்ட அஜய் ஹாசியா வழக்கு இன்னும் பச்சை. காசுமீரத்துப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50. நேர்காணல் நடந்ததோ தலைக்கு இரண்டு மூன்று நிமிடம். கேட்ட கேள்வி? தகப்பன் யார், இருப்பிடம் எது! கோவையிலே சீனிவாசன் எந்தக் கேள்விக்கு அஞ்சி ஓடினாரோ, நூறு ஆண்டுக்குப் பிறகு அதே கேள்விக்கு ஐம்பது மதிப்பெண்! நேர்காணலுக்கு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் கூடாது என்று நீதிமன்றம் வரம்பு கட்டியது.

கல் பங்களாவும் லைன் வீடும்

இந்த வரலாற்றோடு மீண்டும் மலையேறுவோம். கோவைக் கலெக்டர் ஜான் சலிவன் 1822இல் உதகையில் கட்டத் தொடங்கிய கல் பங்களா, மலைமீது ஆங்கில ஆட்சி ஊன்றிய முதல் தூண். 1858இல் ஆங்கிலப் படைவீரரின் பிள்ளைகளுக்காகப் பள்ளி எழுந்தது. ஆனால் காடழித்துத் தேயிலை நட்ட கூலிமக்களின் பிள்ளைகளுக்கு? 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகுதான், ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ள பிள்ளைகள் இருபத்தைந்துக்கு மேலிருந்தால் கல்வி வசதி செய்யுமாறு தோட்ட முதலாளியைக் கட்டாயப்படுத்த மாநில அரசுக்கு அதிகாரம் கிடைத்தது. பன்னிரண்டு வயதுவரை! அதற்கு மேல் படிக்கும் எண்ணம் அந்தப் பிள்ளைக்கு வருமென்று சட்டம் எழுதியவர்க்கே தோன்றவில்லை போலும்.

1955இல் உதகைக்கு அரசுக் கலைக் கல்லூரி வந்தது. எங்கே? அதே கல் பங்களா வளாகத்திலே! துரை வாழ்ந்த இடத்திலே தொழிலாளியின் பிள்ளை பாடம் கேட்க வழி பிறந்தது. படுகர் சமூகத்தின் முதல் பெண் பட்டதாரியாகக் குறிக்கப்படும் அக்கம்மா தேவி 1962இல் நீலமலையிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 2022இல் உதகைக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. மாற்றம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் முழுமையா? 1964 அக்டோபரில் சிறீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கைத் தேயிலையை வளர்த்த மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று இரு தலைநகரங்கள் முடிவு செய்தன. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. கப்பலேறி வந்தவர்களில் பலருக்குக் கூடலூரிலும் பந்தலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்துக் கூடை. அவர்கள் பிள்ளைகள் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது முதல் தடை கட்டுரையல்ல, சான்றிதழ். "உன் பூர்வீகம் எது? பாட்டனின் ஊர் எது? அத்தாட்சி எங்கே?" தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினருக்கும் அலைச்சல் உண்டு. 1989 நவம்பர் முதல் பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தரமுடியாது. கோட்டாட்சியர்தான் தர வேண்டும். மலைச்சரிவில் இருப்பவனுக்கு ஒவ்வொரு கையெழுத்தும் ஒரு நாள் கூலி.

நீ யார் என்று கேட்கிறார்கள். அவன் சொன்னால் போதாது. அலுவலகம் ஒப்ப வேண்டும்!

கவ்வாத்து

இனி, தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தத் தம்பிக்கும் தங்கைக்கும் சில சொற்கள்.

தேயிலைச் செடியைக் கவ்வாத்துச் செய்வதை உன் தகப்பன் அறிவான். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கத்தி வைக்காவிட்டால் செடி மரமாகிவிடும். கொழுந்து கைக்கு எட்டாது. ஆத்திரத்தில் வேரோடு வெட்டினாலோ செடியே சாகும். எழுத்தைத் திருத்துவதும் அப்படித்தான். எதை வெட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்ற அறிவே திருத்தம்.

முதலில் வெட்ட வேண்டியது, "அடியேன்." ம-ள-ள-ஸ்ரீ என்று தொடங்கி, "தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்" என்று முடிந்த மனுக்களின் காலம் போயிற்று. கல்லூரியில் இடம் கேட்பது பிச்சையல்ல. "நான்" என்று தொடங்கு.

இரண்டாவது, விதி. "ஆண்டவன் அருளால் தேறினேன்", "தலையெழுத்தால் தவறினேன்" என்று எழுதாதே. தேறியது உன் உழைப்பால். தவறியிருந்தால் அதற்கும் காரணம் உண்டு: மழையில் பேருந்து வராத நாட்கள், மின்சாரமில்லாத இரவுகள், கணக்கு ஆசிரியர் இல்லாத பள்ளி. காரணத்தைச் சொல். காரணம் தேடுவதே பகுத்தறிவு. அதைத்தான் கல்லூரியும் உன்னிடம் தேடுகிறது.

மூன்றாவது, கண்ணீர். வறுமையைக் காட்சிப் பொருளாக்காதே. இல்லாத துன்பத்தைக் கூட்டாதே. இருக்கும் துன்பத்தை மறைக்கவும் செய்யாதே. "என் தாய் மிகவும் துன்பப்பட்டார்" என்பது எல்லோரும் எழுதும் வரி. அவர் காலை எத்தனை மணிக்குக் கிளம்பினார், எத்தனை கிலோ பறித்தால் முழுக் கூலி, அந்தக் கணக்கை வீட்டில் யார் எழுதி வைத்தது என்று எழுது. அந்தக் கணக்கை எழுதியவள் நீயாக இருந்தால், பொருளாதாரம் படிக்க உனக்கு வேறு தகுதிச் சான்று எதற்கு?

நான்காவது, இரவல் ஆடை. பெரியோர் பொன்மொழிகளை முதல் வரியில் தோரணம் கட்டாதே. அவர்களுக்கு இடம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது! இடம் வேண்டியது உனக்கு.

எளிமைக்கு ஒரு சான்று சொல்கிறேன். 1913 ஜனவரி 16ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் ஆண்டுக்கு இருபது பவுன் சம்பளம் வாங்கிய கணக்கர் ஒருவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தம் வேலை, சம்பளம், பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமை, ஓய்வு நேரத்தில் கணிதத்தில் உழைத்தது ஆகியவற்றைச் சில வரிகளில் சொன்னார். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட தேற்றங்கள்! இராமானுசனின் தன்விளக்கம் அவ்வளவே. நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னாள் என்ற கதையை ஊர் பேசட்டும். ஹார்டியை அசைத்தது கனவல்ல, தாளில் இருந்த கணக்கு. அதற்கு முன் கேம்பிரிட்ஜ் அறிஞர் இருவர் அவருக்கு உதவவில்லை என்பதையும் மறக்காதே. கதவு திறக்கவில்லையென்றால் தட்டியவன் தகுதியற்றவன் என்று பொருளல்ல.

இன்னொன்றையும் கவனி. அவரைத் தாங்க நாராயண ஐயர் இருந்தார். துறைமுகத் தலைவர் ஸ்பிரிங் இருந்தார். பரிந்துரைக்கப் பேராசிரியர்கள் இருந்தனர். மேதைக்கும் துணைக்கரம் தேவைப்பட்டது. லைன் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கரம் யார்?

படிப்பகங்கள் செய்ய வேண்டியது

அங்கேதான் நம் பணி. நகரங்களில் இந்தக் கட்டுரையை மெருகேற்றித் தருவதே ஒரு வாணிபமாகிவிட்டது. பணம் கொடுத்தால் பண்படுத்தித் தருவார்கள். கூடுதலாகக் கொடுத்தால் எழுதியே தருவார்கள். எழுத்து வளம் காசுக்கு வாங்கும் பொருளானால், "குணநலம்" பார்க்கிறோம் என்று சொல்லும் கல்லூரி பார்ப்பது பணப்பையைத்தான். இங்கிலாந்திலே இந்தக் குறையை உணர்ந்து, 2026 சேர்க்கை முதல் நீண்ட கட்டுரைக்குப் பதிலாக மூன்று நேரடிக் கேள்விகள் கேட்கிறார்கள். துணையில்லாத மாணவருக்கு அது எளிது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அலங்காரத்துக்கு மதிப்பெண் குறையட்டும், செயலுக்குக் கூடட்டும் என்று நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களையும் நாம் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ இடங்களில் நூற்றுக்கு ஏழரை ஒதுக்கீடு 2020இல் சட்டமாயிற்று. சட்டம் வாசலைத் திறக்கும். வாசல்வரை கைபிடித்து நடத்த மனிதர்கள் வேண்டும். ஊர்தோறும் படிப்பகம் வைத்தோம். ஏடுகளைச் சத்தமாகப் படித்து எழுத்தறியாதவர் காதுக்கும் கொண்டு சேர்த்தோம். அந்தப் படிப்பகத்தின் மூலையில் இன்று ஒரு மேசை போடுங்கள். பட்டம் பெற்ற ஒருவர் வாரம் ஒருநாள் உட்காரட்டும். விண்ணப்பத்தோடு வரும் பிள்ளையின் எழுத்தைப் படியுங்கள். "இங்கே என்ன நடந்தது? ஏன் அப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். பிழை திருத்துங்கள். ஆனால் பேனாவை மட்டும் உங்கள் கையில் வாங்காதீர்கள்! பிறர் எழுதிய கதையைச் சுமந்து வாழ்ந்தது போதும். யார் முகத்தில் பிறந்தான், யார் காலில் பிறந்தான் என்று இந்த மக்களின் தன்விளக்கத்தை நெடுங்காலம் மற்றவர்கள்தான் எழுதினார்கள். எழுதியவர்கள் தங்களுக்கு முகத்தை எடுத்துக் கொண்டார்கள். அந்தப் புரட்டைக் கிழித்தெறிந்த தலைமுறைகளின் பிள்ளை, தன் கதையைத் தானே எழுதட்டும்.

சீனிவாசன் மணி அடிக்கும்வரை வெளியே நின்றார். அவர் நின்றதால் நாம் உள்ளே உட்கார்ந்திருக்கிறோம். அயோத்திதாசர் உதகைக் குளிரிலே பத்துத் தீர்மானங்கள் எழுதினார். அவர் கேட்ட பள்ளியில் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகத்துக்கு எழுதுகிறார்கள்.

நீ யார் என்று கேட்கிறார்கள், தங்கையே. பணிந்து அல்ல, பதுங்கி அல்ல, பொய்யாக அல்ல. நிமிர்ந்து உட்கார்; எழுது. எழுதியதைப் படி, வேண்டாததை வெட்டு, மீண்டும் எழுது. மிஞ்சி நிற்பது உண்மையாக இருக்கட்டும். அந்த உண்மைக்கு இடமில்லை என்று ஒரு கல்லூரி சொன்னால், மாற வேண்டியது உன் கட்டுரையா, அந்தக் கல்லூரியா என்பதைக் காலம் தீர்மானிக்கும்!